கண்ணெதிரே நடப்பது ஏன் தெரிவதில்லை? ‘தி இல்யூஷனிஸ்ட்’ படத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

மேஜிக் கலைஞரைப் பற்றிய படம் என்றாலே “கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கும்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 2006இல் வந்த ‘தி இல்யூஷனிஸ்ட்’ படத்துக்கும் இதே கதிதான். “பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன்” என்று சிலர் சொல்வார்கள். “கடைசி அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் கொட்டி ஏமாத்திட்டாங்க” என்று வேறு சிலர் சொல்வார்கள். இரு தரப்பும் படத்தை ஒரு விடுகதைபோலப் பார்க்கிறார்கள். விடை தெரிந்தால் விடுகதை தீர்ந்தது, அவ்வளவுதான்.

விடை தெரிந்த பிறகும் இந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம். இன்னும் நன்றாகவே இருக்கும். அப்படிப் பார்ப்பதற்கு மேஜிக் கலைஞர்களின் அடிப்படைக் கருவி ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் அதை மிஸ்டைரக்‌ஷன் என்பார்கள். இந்தக் கட்டுரையில் ‘கவனம் திருப்பல்’ என்றே சொல்கிறேன். பார்ப்பவர் எதைக் கவனிக்கிறார், கவனித்ததை என்னவென்று நினைத்துக்கொள்கிறார் ஆகிய இரண்டையும் வித்தை காட்டுபவர் தன் கைக்குள் வைத்திருப்பதுதான் கவனம் திருப்பல். இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

படத்தின் முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

படம் எதைப் பற்றியது

1900ஆம் ஆண்டை ஒட்டிய வியன்னா. ஐசன்ஹைம் என்ற மேஜிக் கலைஞர் (எட்வர்ட் நார்டன்) தச்சர் ஒருவரின் மகன். சிறுவயதில் அவர் நேசித்த சோஃபி (ஜெசிக்கா பீல்) பெரிய பிரபுக் குடும்பத்துப் பெண். பிரிக்கப்பட்ட இருவரும் பல ஆண்டுகள் கழித்து ஒரு மேடையில் எதிரெதிரே நிற்கிறார்கள். இப்போது சோஃபி, பட்டத்து இளவரசர் லியோபோல்டுக்கு (ரூஃபஸ் சூவெல்) நிச்சயிக்கப்பட்டவள். இளவரசருக்காக இவர்களைக் கண்காணிப்பவர் காவல்துறைத் தலைமை ஆய்வாளர் ஊல் (பால் ஜியாமட்டி). ஸ்டீவன் மில்ஹவுசரின் சிறுகதை ஒன்றை அடிப்படையாக வைத்து நீல் பர்கர் இயக்கினார். பெரும்பகுதி செக் குடியரசில் படமாக்கப்பட்டது.

லியோபோல்டு கற்பனைப் பாத்திரம். ஆனாலும் அந்த ஊரின் உண்மைச் சம்பவம் ஒன்றின் நிழல் கதைமேல் விழுந்திருக்கிறது. 1889 ஜனவரியில், வியன்னாவுக்கு அருகே மையர்லிங் என்ற இடத்தில் இருந்த வேட்டை மாளிகையில், ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ருடால்ஃபும் மேரி வெட்செரா என்ற இளம்பெண்ணும் இறந்து கிடந்தார்கள். அரண்மனை அதை மூடி மறைக்கப் பார்த்தது. அப்படியொரு ஊரில், வேட்டை மாளிகை, இளவரசர், ஒரு பெண்ணின் மரணம் என்று காதில் விழுந்தால் மக்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கா காட்டிச் சோறு ஊட்டுவது

சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “அங்க பாரு, காக்கா!” என்று பாட்டி காட்டுகிறார். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. அந்த நேரத்தில் ஒரு கவளம் உள்ளே போய்விடுகிறது. பெரும்பாலோர் மேஜிக் என்று நினைப்பது இதைத்தான்: வலது பக்கம் பார்க்க வைத்து, இடது பக்கம் வேலையை முடித்துக்கொள்வது.

ஆனால் இது இரண்டு மூன்று கவளத்துக்கு மேல் பலிக்காது. குழந்தை உஷாராகிவிடும். அப்போது பாட்டி வேறொன்று செய்வார். “இந்த வாய் உனக்கு வேணாமா? சரி, காக்காவுக்குக் குடுத்துடுறேன்” என்று கையை வெளியே நீட்டுவார். குழந்தை தானாகவே வாயைத் திறக்கும். இம்முறை குழந்தையின் கண் கவளத்தின் மேலேயே இருக்கிறது; எதுவும் மறைக்கப்படவில்லை. மாறியது அதன் மனதில் ஓடும் கதை. ‘எனக்கு ஊட்டுகிறார்கள்’ என்பது போய், ‘என்னுடையதைக் காக்கா பறித்துக்கொள்ளப் போகிறது’ என்பது வந்துவிட்டது.

முதலாவது, கண்ணைத் திருப்புவது. இரண்டாவது, எண்ணத்தைத் திருப்புவது. நல்ல மேஜிக்கில் இரண்டும் உண்டு என்றாலும் பாரத்தைச் சுமப்பது இரண்டாவதுதான்.

பந்து எங்கே போனது?

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900இல், அதாவது இந்தப் படத்தின் கதை நடக்கும் காலத்திலேயே, மேஜிக்கின் உளவியல் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு சோதனை வருகிறது. குழந்தைகளுக்கு முன்னால் ஒருவர் பந்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். மறுபடி போட்டுப் பிடிக்கிறார். அடுத்த முறை கை மட்டும் மேலே போகிறது. பந்து கூட்டத்துக்குத் தெரியாமல் கீழேயே நின்றுவிடுகிறது. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள், பந்து மேலே போய்க் காற்றில் மறைந்ததைத் தங்கள் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். மேலே போகவே போகாத பந்து அது.

106 ஆண்டுகள் கழித்து, படம் வெளியான அதே 2006இல், கஸ்டாவ் கூன், மைக்கேல் லேண்ட் ஆகிய இருவரும் இதைப் பெரியவர்களிடம் செய்து பார்த்தார்கள். பார்வையாளரின் கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்யும் கருவியும் இம்முறை இருந்தது. வித்தை காட்டுபவர் கடைசி வீச்சிலும், பந்து மேலே போவதுபோலத் தன் பார்வையை மேலே உயர்த்தினால், மூன்றில் இரண்டு பங்குப் பேர் பந்து மறைவதைப் ‘பார்த்தார்கள்’. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் ஏமாந்தார்கள். வீசும் கை அதேதான், பந்தும் அதேதான். அவர் கண் எங்கே பார்த்தது என்பது மட்டும் மாறியது.

இன்னொன்றும் தெரியவந்தது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோரின் கண்கள், பந்து மறைந்ததாக அவர்கள் சொன்ன இடத்தைப் பார்க்கவே இல்லை. கண்கள் வித்தைக்காரரின் முகத்தில் இருந்தன. அந்த முகம் ‘பந்து மேலே போயிற்று’ என்றது. மூளை அதை வாங்கி, இல்லாத பந்துக்கு ஒரு பாதை வரைந்து கொடுத்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு: இருப்பதையே பார்க்காமல் விடுவது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ் இருவரும் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் வரும் ஓர் அணி பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா உடை போட்ட ஒருவர் நிதானமாகக் குறுக்கே நடந்துபோகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் வந்ததே தெரியவில்லை. இதைக் ‘கவனக் குருடு’ என்று சொல்லலாம்: கண்ணில் கோளாறு எதுவும் இல்லாமலேயே, கவனம் வேறு வேலையில் இருப்பதால் எதிரே இருப்பது மனதில் பதியாமல் போவது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். நாம் கேமராபோலப் பதிவு செய்வதில்லை. எதிர்பார்ப்பதைச் சேர்த்துக்கொள்கிறோம், எதிர்பாராததை விட்டுவிடுகிறோம். எதை எதிர்பார்ப்பது என்று தீர்மானிக்க, எதிரே இருப்பவரின் முகத்தை நம்புகிறோம். மேஜிக் கலைஞர் வேலை செய்வது இந்த நம்பிக்கையை வைத்துத்தான். ‘கைவேகம்’ என்று ஊரெல்லாம் சொல்வது அதில் சிறு பங்கு.

ஆரஞ்சு மரம்

படத்தில் ஐசன்ஹைம் பார்வையாளரிடம் ஒரு கைக்குட்டை வாங்குகிறார். ஆரஞ்சு விதை ஒன்றைத் தொட்டி மண்ணில் ஊன்றுகிறார். கண்ணெதிரே செடி முளைத்து மரமாகிக் காய்க்கிறது. கடைசியில் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் கைக்குட்டையை மேலே தூக்கி வருகின்றன. இது படத்துக்காக உருவான கற்பனை இல்லை. பிரான்சில் கடிகாரத் தொழிலில் இருந்து மேஜிக்குக்கு வந்த ழான் யூஜேன் ரொபேர்-ஊதேன் (1805–1871) நிஜமாகவே மேடையில் செய்தது. 1845இல் பாரிஸில் சொந்த அரங்கம் தொடங்கியவர். பிற்காலத்தில் ஹூடினி தன் மேடைப் பெயரை அமைத்துக்கொண்டது இவர் பெயரிலிருந்துதான்.

அவருடைய மரம் ஓர் இயந்திரம். கிளைகள் உள்ளே குழாய்போல இருக்கும். அவற்றின் வழியே பட்டுப் பூக்கள் மெல்ல வெளியே தள்ளப்படும். பழங்கள் ஆரம்பத்திலிருந்தே கிளைகளில் செருகப்பட்டு, இலைகளுக்குள் ஒளிந்திருக்கும். இலைகள் விலக விலகக் காய்ப்பதுபோலத் தெரியும். அவற்றைப் பறித்துக் கூட்டத்தில் கொடுப்பார்கள். கடித்துப் பார்த்தால் நிஜ ஆரஞ்சு! கடைசியாக மரத்தில் நிற்கும் ஒன்று மட்டும் செயற்கை. அது பிளந்து திறக்க, இரண்டு இயந்திர வண்ணத்துப்பூச்சிகள் கைக்குட்டையைத் தூக்கும்.

இந்த வித்தையில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பழத்தைக் கையில் கொடுக்கும் தருணம். பழம் நிஜம் என்று தெரிந்ததும், மரமும் நிஜம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஓர் உண்மையைக் கையில் கொடுத்தார்கள், பக்கத்தில் இருந்த பொய்யை நாமே எடுத்துக்கொண்டோம். படத்தில் மரம் வளர்வதற்குக் கணினி வரைகலை உதவியிருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். அந்த ஒரு காட்சியில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பழைய இயந்திரம் அசையும்போது இருந்திருக்கக்கூடிய சிறு தயக்கம் இதில் இல்லை. ஆனால் நார்டனின் கைகளும் நிற்கும் விதமும் அசல். ரிக்கி ஜே போன்ற தேர்ந்த மேஜிக் கலைஞர்கள் படத்துக்கு ஆலோசகர்களாக இருந்தார்கள்.

ஆவிகள் மேடைக்கு வந்த கதை

படத்தின் பின்பாதியில் ஐசன்ஹைம் இறந்தவர்களின் உருவங்களை மேடையில் வரவழைக்கிறார். அந்த நூற்றாண்டுக்கு இது பழகிய விஷயம். 1790களின் கடைசியில் பாரிஸில் ரொபேர்ட்சன் என்பவர், சக்கரம் வைத்த விளக்குப் பெட்டியால் இருட்டிலும் புகையிலும் உருவங்களை வீழ்த்தி, அவை பெரிதாகிக் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து வருவதுபோலக் காட்டினார். 1862இல் லண்டனில் ‘பெப்பரின் பேய்’ வந்தது. மேடையின் முன்பக்கம் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைச் சாய்த்து நிறுத்துவார்கள். கூட்டத்தின் கண்ணில் படாத பள்ளத்தில் நிற்கும் நடிகர்மேல் பலத்த வெளிச்சம் விழும். அவரது பிம்பம் கண்ணாடியில் பட்டு, மேடையில் நிற்கும் நிஜ மனிதர்களுக்கு நடுவே உடல் இல்லாத உருவமாக நடமாடும். இரவில் ஓடும் ரயிலின் ஜன்னலில் நம் முகம் வெளியே மிதப்பதற்கும் காரணம் இதே பிரதிபலிப்புதான்.

ரொபேர்-ஊதேனின் பெயரைத் தாங்கிய அரங்கத்தை 1888இல் வாங்கியவர் ழார்ழ் மெலியே. சினிமா பிறந்ததும் கேமராவைக் கையில் எடுத்து, 1896இலேயே ஒரு பெண்ணைத் திரையில் மறையச் செய்தவர் அவர். மேடை மேஜிக்கின் நேரடி வாரிசு சினிமா என்று சொல்லத் தயக்கமே வேண்டாம்.

பர்கர் நம் கவனத்தை எப்படித் திருப்புகிறார்

இப்போது படத்தின் கட்டமைப்புக்கு வருவோம். படம் தொடங்குவது மேடையில். ஐசன்ஹைம் நாற்காலியில் அசையாமல் அமர்ந்து ஓர் உருவத்தை வரவழைக்க, காவலர்கள் அவரைக் கைதுசெய்ய எழுகிறார்கள். அதன் பிறகு ஊல், இளவரசரிடம் ஐசன்ஹைமின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். படத்தின் பெரும்பகுதி அந்தச் சொல்லலின் வழியேதான் நமக்கு வருகிறது.

ஊல் எப்படிப்பட்டவர்? கசாப்புக்காரரின் மகன், மேலே வரத் துடிப்பவர். மேஜிக் என்றால் அவருக்கு உயிர். ஆரஞ்சு மரத்தின் ரகசியம் தெரிந்தே ஆக வேண்டும் என்று தவிக்கிறார். கெட்டிக்காரர், அடிமனதில் நேர்மையானவர். ஜியாமட்டியின் முகத்தில் சந்தேகம், வியப்பு, வெட்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நாம் அந்த முகத்தை நம்புகிறோம். பந்துச் சோதனையில் மேலே உயர்ந்த அந்தப் பார்வையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊல் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் நாமும் பார்ப்போம்.

ஒளிப்பதிவாளர் டிக் போப்பும் அதற்குத் துணை நிற்கிறார். பழைய புகைப்படம்போலப் பழுப்பேறிய நிறம், ஓரங்களில் இருட்டு, நடுவில் மட்டும் வெளிச்சம். இந்த ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அழகுக்காக மட்டும் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. சட்டகத்தின் ஓரம் இருட்டாக இருந்தால், ஓரத்தில் நிற்பவரை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஃபிலிப் கிளாஸின் இசை திரும்பத் திரும்ப ஒரே வட்டத்தில் சுழன்று, ‘அடுத்து என்ன’ என்ற தவிப்பை ஏற்றிக்கொண்டே போகிறது. ‘சற்று முன் என்ன நடந்தது’ என்று யோசிக்க இடம் தருவதில்லை.

சுருக்கமாக: நம்பத் தகுந்த ஒரு முகம், ஓரத்தை மறைக்கும் ஒளி, பின்னால் திரும்ப விடாத இசை. கண்ணைத் திருப்புவதற்கு இவை போதும். எண்ணத்தைத் திருப்பும் வேலை வேறு ஒன்றிடம் விடப்பட்டிருக்கிறது.

இனி முடிவு வருகிறது: படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்

சோஃபியின் மரணக் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குடிபோதையில் இளவரசர் வாளோடு அவளைத் துரத்திக்கொண்டு குதிரை லாயத்துக்குப் போகிறார். உள்ளே என்ன நடந்தது என்று கேமரா காட்டுவதில்லை. அவள் குதிரைமேல் சரிந்து கிடக்க, குதிரை வெளியே வருகிறது. மறுநாள் ஓடையில் உடல் கிடைக்கிறது. ஐசன்ஹைம் தண்ணீரில் இறங்கி ஓடுகிறார், கதறுகிறார்.

குத்து விழுந்ததை நாம் பார்க்கவில்லை. ஆனாலும் பார்த்ததாக நினைக்கிறோம். இரண்டு முறை பந்து மேலே போனது போதும், மூன்றாவது தானே போகும். இளவரசரின் முரட்டுத்தனத்தை முன்பே காட்டிவிட்டார்கள், அவரைப் பற்றிய வதந்திகளையும் சொல்லிவிட்டார்கள், கையில் வாளையும் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதையை நாமே வரைந்துகொள்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே ஐசன்ஹைமின் துயரம் இருக்கிறது. வித்தைக்காரர் தன் பார்வையை மேலே உயர்த்துவது அந்த இடத்தில்தான். காதலியை இழந்து அழும் ஒருவரைப் பார்க்கும்போது, ‘உடலைப் பரிசோதித்த மருத்துவர் யார்?’ என்று கேட்க நமக்கு மனம் வருமா? கேட்பதே அநாகரிகம் என்று தோன்றும்.

இதனால்தான், இந்தப் படத்தில் காதல் ஒட்டவைத்த சமாச்சாரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மர்மத்தைக் காப்பதே காதல்தான். இருவரும் சேர வேண்டும் என்று நாம் எவ்வளவு விரும்புகிறோமோ, அவ்வளவு ஆழமாக அவள் இறந்துவிட்டதாக நம்புகிறோம். அந்த விருப்பம் இல்லாத பார்வையாளர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். பாதியிலேயே கண்டுபிடித்ததாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் காதலில் ஒட்டாமல் பார்த்தவர்களாக இருக்கக்கூடும்.

இங்கே இன்னொரு கருத்தும் உதவும். ஸ்பெயின் நாட்டு மேஜிக் கலைஞர் ஹுவான் தமாரிஸ் அதைப் பொய்த் தீர்வு என்ற பொருளில் பேசியிருக்கிறார்: எப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசிக்கும் பார்வையாளருக்கு, நியாயமாகத் தோன்றும் சில தவறான வழிகளை முன்கூட்டியே யோசித்து அடைத்துவிடுவது, அப்போது அவர் உண்மையான வழியின் பக்கமே போகமாட்டார். ஊலுக்கு இரண்டு கேள்விகள் கிடைக்கின்றன. மேடைக்கு வருவது நிஜ ஆவியா, கண்ணாடி வித்தையா? கொன்றவர் இளவரசரா, வேறு யாராவதா? இரண்டில் எதைத் துருவினாலும் அவள் இறந்துவிட்டாள் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. ஆவி உண்மையா என்று வியன்னாவே சண்டை போட்டுக்கொண்டிருக்க, இறந்தது உண்மையா என்று யாருமே கேட்கவில்லை.

கடைசி நிமிடங்கள் நிரூபணமா?

ரயில் நிலையத்தில் ஊலின் முகம் மெல்ல மலர்கிறது. அந்த மருந்து, அந்த வாளின் ரத்தினங்கள், அந்த மருத்துவர் என்று எல்லாம் வேகமாகக் கோர்க்கப்படுகின்றன. ‘கொட்டி ஏமாத்திட்டாங்க’ என்ற புகார் இந்தக் காட்சியைப் பற்றித்தான். ஆனால் அது யாருடைய மனதில் ஓடுகிறது என்று பாருங்கள். சோஃபி சாகவே இல்லை, ஐசன்ஹைமோடு சேர்ந்து நாடகமாடினாள் என்பது ஊலின் ஊகம். ஐசன்ஹைம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இதுவரை ஒரு கதையை நம்பியிருந்த மனம், அதே சந்தோஷத்தோடு இன்னொரு கதையைப் பின்னிக்கொள்கிறது. நாமும் கூடவே பின்னுகிறோம், ஏனென்றால் இந்தக் கதையில் அவள் உயிரோடு இருக்கிறாள். மேடையில் வந்த உருவங்கள் எப்படி வந்தன என்பதற்கு மட்டும் படம் கடைசிவரை விளக்கம் தரவில்லை. அதை விட்டுவைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. செய்யாத கொலைக்காக மாட்டிக்கொண்டு இளவரசர் தற்கொலை செய்துகொள்கிறார். அவர் கொடுமைக்காரர்தான், தந்தையைக் கவிழ்க்கச் சதி செய்தவர்தான். ஆனாலும் அந்த மரணத்தின் கணக்கைப் படம் காதலர்களிடம் கேட்பதே இல்லை. மகிழ்ச்சியான முடிவின் வெளிச்சத்தில் அது சட்டகத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

மறுபடி பார்க்கும்போது ஐசன்ஹைமை விட்டுவிட்டு ஊலை மட்டும் தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு தடயமும் அவர் கைக்கு யார் வழியாக, எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் ஐசன்ஹைம் சோஃபிக்குச் செய்து கொடுத்த மரப் பதக்கம் எந்தெந்தக் கைகளுக்கு மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். சரியாகத் திருகினால்தான் திறக்கும் அந்தப் பதக்கம் இரண்டு முறை முக்கியமான இடத்தில் வருகிறது. ஓடைக் காட்சியில் நார்டனைப் பார்க்காமல், உடலைச் சுற்றி நிற்பவர்களின் முகங்களைப் பாருங்கள். அங்கே பார்ப்பது கடினமாகத்தான் இருக்கும், கண் திரும்பத் திரும்ப அழுபவரிடமே போகும்.